பதினேழாம் நாள் அளவு

காலை ஏழு மணிக்குப் பிலோமினா படியேறும்போது மேலிருந்து யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினார்கள். பழக்கத்தில் ஒதுங்கிக்கொண்டாள். வடசென்னைக் கடற்சுவர்க் குடியிருப்பில் பதினொரு வருடங்களாக அவள்தான் நலத்தோழி; துக்கம் தணிய மூச்சுப் பயிற்சி சொல்லித்தருபவளும் அவள்தான். முதுகில் 'முழுமன நலம்' என்று அச்சிட்ட பச்சைச் சட்டை. கையில் மனமானி, மணிக்கட்டில் வைத்தால் துக்கத்தை எண்ணாகச் சொல்லிவிடும்.

துக்கத்துக்குச் சட்டம் பதினாறு நாள் கொடுத்திருந்தது. கருமாதிக் கணக்கை அரசு அப்படியே எடுத்துக்கொண்டது. பதினேழாம் நாள் ஒரே ஒரு அளவு. ஐம்பதைத் தாண்டினால் தேற்றகத்தின் வண்டி வரும். அங்கே போனவர்கள் ஒரு மாதத்தில் சிரித்த முகத்தோடு திரும்புவார்கள். நன்றாகச் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். செத்தவர் பெயரைச் சொன்னால், "யாரு அது?" என்பார்கள்.

ஐந்தாம் மாடியில் சந்தனமாரியின் கதவு திறந்தே இருந்தது. அவள் மகன் தேசிங்கைக் கடல் கொண்டுபோய்ப் பதினேழு நாள். அவனுடைய லுங்கியை மடியில் வைத்திருந்தாள்.

"வந்துட்டியா? இன்னும் காணோமேன்னு பாத்தேன். காக்கா கழுகுக்குக்கூட நாள் கணக்கு கெடயாது, உனக்குத்தான் இருக்குது."

"கைய நீட்டுங்கக்கா."

"எதுத்த வூட்டு தேவகி, பெத்த புள்ள பேர மறந்துட்டு பல்லக் காட்டினு நிக்கறா. நீதான ஏத்திவுட்ட? எனக்கு மிச்சம் அவன் பேரு ஒண்ணுதான். அதையும் குடுக்கணுமா?"

தேவகியை ஏற்றிவிட்டபோது உதவி செய்வதாகத்தான் பிலோமினா நம்பினாள். நேற்றுப் படியில் தேவகி சிரித்த சிரிப்பில் அந்த நம்பிக்கை போயிருந்தது.

கதவைச் சாத்தினாள். சந்தனமாரியின் பெயரைப் பதிந்து, மனமானியைத் தன் மணிக்கட்டில் அழுத்தினாள். அளப்பவர்களை யாரும் அளப்பதில்லை. ஆனாலும் தன் எண் ஐம்பதைத் தாண்டாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மகளைப் புதைத்த மறுவாரமே வேலைக்கு வந்தவள்.

தொண்ணூற்று மூன்று. கருவி சிவந்தது. கீழே காத்திருந்த தேற்றக வண்டியின் மணி அடித்தது.

சந்தனமாரி எண்ணை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல. "எங்களுக்கு மூச்சு வுடச் சொல்லிக் குடுத்தியேடி!"

காக்கிச்சட்டைக்காரர் இருவர் வந்தார்கள். "யாரும்மா சந்தனமாரி?"

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவர்கள் மாரியை ஏற்றிப் போய்விடுவார்கள். பிலோமினா கையை நீட்டினாள். "அளந்தது என் கை."

அவள் கையை மறுபடி அளந்தார்கள். அதே எண். "அந்தம்மா பேர்ல அளவு முடிஞ்சுபோச்சு. இனி எடுக்க முடியாது. நீங்க நடங்க மேடம்."

வாசலில் திரும்பினாள். "அக்கா, என் பொண்ணு பேரு ஜெசிந்தா. ஒம்போது வயசு. யாராவது ஒருத்தர் ஞாபகம் வச்சிருக்கணும்."

"எனக்கென்னாடி வந்துது?" கதவு அவள் முகத்தில் அறைந்தது.

இரண்டாம் மாடி இறங்கும்போது மேலே சந்தனமாரி வாய்விட்டு அழத் தொடங்கினாள். தேசிங்கு, தேசிங்கு என்று கட்டடமே கேட்க அழுதாள். பிறகு ஒரு முறை, யாரையோ திட்டுவது போல, "ஜெசிந்தா" என்றாள்.