மூன்று தட்டு

காரில் தீப்பொறி கிளப்பும் பழைய பாயிண்டைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அது பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

காசிராஜன் பானெட்டுக்குள் குனிந்தபடியே நின்றார். ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினார். முன்பெல்லாம் இப்படிச் சுற்றினால் பாயிண்டின் இரண்டு முனைகளும் சேர்ந்து பிரியும்போது மெல்லிய சத்தம் கேட்கும். அதற்குப் பதிலாக இப்போது மாட்டியிருப்பது எலக்ட்ரானிக் செட்டு. ஒரு காந்த வளையம் எதையும் தொடாமல் சுற்றும், அவ்வளவுதான். டிக், டிக், டிக். பெல்ட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். மறுபடியும் மூன்று.

செட்டு விற்ற ஜபருல்லாவுக்குப் போன் போட்டார். அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

"உரசுறதே கிடையாது அண்ணாச்சி, பொறவு எங்கிட்டு இருந்து சத்தம் வரும்? தேய்க்க வேண்டாம், அட்டை வைக்க வேண்டாம். வண்டி இனி நிக்காது. பேசாம மூடியப் போட்டு ஓட்டுங்க."

மூடியைப் போட்டார். பயப்பட வேண்டிய இடம் என்று புத்தி சொன்னது, உடம்பு கேட்கவில்லை. பதினான்கு மாதமாக அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. உப்பில்லாத சோற்றைத் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுந்துபோவார். மகள் மாரிசெல்விதான் பிறகு ருசி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், நெஞ்சுவலி என்று துடித்த மனைவி அழகுத்தாயை இதே காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில், பூட்டிக் கிடந்த பருத்தி குடோன் எதிரே வண்டி நின்றுவிட்டது. பாயிண்ட் கரிந்திருந்தது. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அடுத்தவன் வண்டியைக் கை காட்டி நிறுத்த மனசு வரவில்லை. ஐந்து நிமிட வேலை என்று நினைத்தார். குச்சிகளைக் கீழே கொட்டிவிட்டு, தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் முனைகளைத் தேய்த்தார். இடைவெளி பார்க்க அட்டை வேண்டும். அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டார். பின் சீட்டிலிருந்து அவள் மோதிரம் போட்ட விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று.

"செத்த நேரம் பொறு, அழகு" என்றார், தலையைத் தூக்காமல்.

வண்டி கிளம்பியபோது தட்டுவது நின்றிருந்தது. விரல் மட்டும் கண்ணாடியில் மடங்கியபடியே இருந்தது.

அந்த மோதிரம் மாரியின் கைக்குப் போனது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு என்று வந்தவளுக்கு வீட்டில் அப்பா மட்டும்தான். ஒன்பதாம் மாதம் கைகால் எல்லாம் வீங்கிவிட்டது. மோதிரம் சதைக்குள் புதைந்து விரல் நீலம் பாரித்தது. இன்றைக்குக் காலையில்தான் அவர் சோப்பைத் தடவி, மில் நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, முக்கால் மணி நேரம் பாடுபட்டு அதைக் கழற்றினார். அவள் அழுதேவிட்டாள். கைக்கு எட்டியது அந்தப் பிஸ்கட் டப்பாதான். மோதிரத்தையும் சுற்றிய நூலையும் அதில் போட்டார். பிறகு கழற்றிய பாயிண்டையும் அதிலேயே போட்டு, டப்பாவை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாரிக்கு வலி வந்தது.

"நூத்தெட்டுக்குப் போன் போடுவோமாப்பா?"

"அவன் வாரதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துருவோம், தாயி. இனி நிக்காது."

நிற்காமல் ஒரு தடவையாவது அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தச் செட்டே. ஒரு சாவுக்குத் தான் காரணம், ஒரு பிறப்புக்கும் தானே காரணமாகிவிட்டால் நேராகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ராஜபாளையம் ஊர் எல்லை தாண்டியதும் ரோடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காருக்குள் பெட்ரோல் வாடையும் மாரி தலையில் வைத்திருந்த மல்லிகையின் வதங்கிய வாடையும் கலந்து அடித்தன. எதிரே காலேஜ் பஸ் ஒன்று காற்றை அடித்துவிட்டுப் போனது. இன்ஜின் ஒரு இடத்திலும் திணறவில்லை.

டிக். டிக். டிக்.

பின் சீட்டுக் கண்ணாடி.

"நீயா தட்டுன, தாயி?"

"நான் தட்டலப்பா." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "என் கை ரெண்டும் வயித்துலதான் இருக்கு. சீக்கிரம் போங்க."

வெறும் விரல் தட்டினால் சத்தம் மொத்தென்று வரும். இது உலோகம். மோதிரமோ டப்பாவுக்குள். அப்படியானால் தட்டுவது மாரி இல்லை. அழகுதான். குடோனுக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கால் பிரேக்குக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். பார்க்கவில்லை.

குடோன் வந்தது. துருப்பிடித்த பூட்டு. அவர் அன்று கீழே போட்ட தீக்குச்சிகள்கூட அங்கேயே கிடப்பதுபோல் இருந்தது.

டிக். டிக். டிக்.

"செத்த நேரம் பொறு, அழகு" என்றார்.

இன்ஜின் நிற்கவில்லை. குடோன் தாண்டியது. பதினான்கு மாதத்தில் முதல் முறையாக நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

தட்டு வேகமானது. மூன்று. மூன்று. மூன்று. மாரி முனகுவது கேட்டது. வலி என்றால் முனகத்தான் செய்வாள். கண்ணாடி அதிர்ந்தது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. பார்க்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போது தட்டுவது நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே அடங்கியது.

"வந்துட்டோம் தாயி. எங்கயும் நிக்கல பாத்தியா."

நர்ஸ் ஓடிவந்து எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தாள். மாரியின் கழுத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"எம்புட்டு நேரமா இப்படி இருக்கு?"

அவர் திரும்பினார். மாரி கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. இடது கை வயிற்றின் மேல். வலது கை கண்ணாடியில், விரல் மடங்கி.

அவர் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தார். பாயிண்ட் இருந்தது. சுற்றிய நூல் இருந்தது.

மோதிரம் மாரியின் விரலில் இருந்தது. நீலம் பாரித்த சதைக்குள், எலும்பு வரைக்கும் புதைந்து.