மடியில் கனம்

பேருந்தை விட்டு இறங்கியதும் மெழுகுக்காரி முதலில் தேடியது சிலையை அல்ல, கழிவறையை. குட்டிக்கு அவசரம். பூங்காவுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கேட்டாள். கடையை நடத்திய அக்கா எதுவும் கேட்காமல் பின்பக்கச் சாவியை எடுத்து நீட்டினாள். பேச்சுத்தான் குறைவே தவிர, நல்ல மனசு.

வெண்கலச் சிலைகளைக் கழுவி, நிறமேற்றி, மெழுகு பூசிக் கொடுப்பது மெழுகுக்காரியின் தொழில். பட்டப்பெயர் அதில் வந்ததுதான். அவள் மகள் குட்டிக்கு ஐந்து வயது. அப்பா வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போன நாளிலிருந்து குட்டி அம்மாவின் மடியில்தான் சாப்பிடும், அங்கேயேதான் தூங்கும். "இறக்கி விடு, கெட்டுப் போகுது" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் மெழுகுக்காரிக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தச் சின்னப் பாரம் மடியில் இருக்கிறவரைதான் தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஏரிக்கரைப் பூங்காவின் நடுவில் சிலை இருந்தது. கல் மேடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் ஊன்றி, மடியைக் காலியாக விட்டு, யாரையோ வா என்று கூப்பிடுகிற முகத்தோடு. ஊர் அவளுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தது. "பெரியம்மாகிட்ட நில்லு, வந்துடறேன்" என்றுதான் அங்கே எல்லோரும் போனில் பேசினார்கள். கிழவர்கள் அவள் நிழலில் பேப்பர் படித்தார்கள். காதலர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

சிலை முழுக்கக் கறுத்து, அங்கங்கே பச்சை பூத்திருந்தது. இடது தொடை மட்டும் பொன்னாக மின்னியது.

மெழுகுக்காரிக்கு அது புதிதல்ல. மனிதர் படும் இடத்தில் வெண்கலம் மின்னும். ஒரு ஊர்ச் சிலைக்கு மூக்கு மின்னும், இன்னொரு ஊரில் கட்டைவிரல். தேய்ந்த இடம் ஊருக்குச் சொந்தம், கேட்காமல் அதில் கை வைக்காதே என்று அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த நகராட்சிப் பொறியாளருக்குப் பூங்கா விழா நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பளபளப்பு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்மா. ஒரே கலரா வந்தாப் போதும்" என்றார். குட்டிக்கும் பள்ளி திறக்கப் போகிறது. இந்த ஒரு தடவை மெழுகுக்காரி யாரையும் கேட்கவில்லை.

காற்றுக்கு மறைப்பாகச் சிலையைச் சுற்றிப் படுதா கட்டினாள். சோப்புத் தண்ணீரில் கழுவினாள். வேலை நடந்த நாட்களில் பிள்ளைகள் மேடையில் ஏறிக் குதித்தன, படுதாவுக்குள் தலையை நீட்டின, பெரியம்மாவின் பாத விரல்களை எண்ணின.

ஒன்றுகூட மடியில் உட்காரவில்லை.

ஒரு பொடிசு அந்தத் தொடையில் கையூன்றி ஏறப் பார்த்தது. அதன் அம்மா ஓடி வந்து இழுத்தாள். "அங்க வேண்டாம்னு சொன்னேன்ல?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மெழுகுக்காரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

கேஸ் டார்ச்சின் நீலத் தீயில் தொடை சூடேறியது. ரசாயனம் தொட்ட தூரிகையால் அவள் வருடிக்கொடுக்க, பொன் மங்கிப் பழுப்பாகி, பழுப்பு கறுத்தது. சூடு ஆறுமுன் மெழுகு பூசித் துணியால் தேய்த்தாள். வழித்துவிட்டது போல ஒரே நிறம். அவளுக்கே தன் வேலை பிடித்திருந்தது.

பொழுது சாயும் நேரம். படுதாவை அவிழ்த்து மடித்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏரியிலிருந்து காற்று வந்தது. ஈரப் பாசியின் வாடை. உடம்பெல்லாம் அசதி, தொடை மரத்துப்போயிருந்தது.

"குட்டி, வாடா."

குட்டி ஓடி வந்து, ஓரடி தள்ளி நின்றது.

"ஏன்டா நிக்கிற? ஏறு."

"இடம் இல்லையேம்மா."

"என்னது?"

"அவன் உக்காந்திருக்கானே."

மெழுகுக்காரி குனிந்து பார்த்தாள். மடியில் ஒன்றும் இல்லை. அவள் இடது தொடையில் மட்டும் துணி நனைந்து ஒட்டியிருந்தது.

காலை அசைத்தாள்.

அசையவில்லை.

ஏதோ ஒன்று அவள் மார்பில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

அப்போதுதான் கடையக்கா கையில் டீ டம்ளரோடு சாலையைக் கடந்து வந்தாள். சிலையைப் பார்த்தாள். டம்ளர் கீழே விழுந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"அக்கா..."

"கழுவறேன்னுதானே நெனச்சேன்! மறைப்பைக் கட்டிட்டு இதையா பண்ணினே?" கடையக்கா ஓடிப்போய்ச் சிலையின் தொடையை உள்ளங்கையால் தடவினாள். மெழுகில் கை வழுக்கியது. "எங்க உக்காருவான் அவன்? சொல்லு, எங்க உக்காருவான்?"

பிறகு திரும்பி மெழுகுக்காரியின் மடியைப் பார்த்தாள். நனைந்த துணியைப் பார்த்தாள். அவள் குரல் அடங்கிப்போனது.

"உன்கிட்ட வந்துட்டானா?"

இருட்டுவதற்குள் கடையக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பெரியம்மாவுக்கு மாதிரியாக உட்கார்ந்தவள் அவள்தான். மடியில் அவள் பையன் இருந்தான். ஊர்ப் பிள்ளை எது வேண்டுமானாலும் ஏறி உட்காரணும், அதனால் மடி காலியா இருக்கட்டும் என்றார் சிற்பி.

"கொஞ்ச நேரம் கீழ விளையாடிட்டு வாடான்னு இறக்கி விட்டேன். ஏரிப் பக்கம் போயிட்டான். தண்ணியிலதான் கெடைச்சான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிலையை வச்ச பின்னாடி, யாரும் தொடாமலே அந்த இடம் மின்ன ஆரம்பிச்சுது. ஊருக்கே புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் பிள்ளையை அதுல ஏத்தறதில்ல. நான் காலையில கடை திறந்ததும் பார்ப்பேன். மின்னுச்சுன்னா ராத்திரி வந்திருக்கான்னு ஒரு நிம்மதி."

"உங்க மடிக்கு ஏன்க்கா வரல?"

"இறக்கி விட்டவ மடிக்கு வருவானா?"

மறுநாள் விடிந்ததும் மெழுகுக்காரி கரைப்பானும் துணியுமாக உட்கார்ந்தாள். தான் ஏற்றிய நிறத்தைத் தானே உரித்தாள். கை எரிய எரியத் தேய்த்தாள். பொறியாளர் வந்து கத்தினார். "பழையபடி ஆக்கறேன் சார், கூலியே வேண்டாம், போங்க" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள். மதியத்துக்குள் தொடை மறுபடி பொன்னாக மின்னியது. கடையக்கா வந்து, ஒரு கையை அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள். ஊர் வேலியோரம் நின்று பார்த்தது.

அடுத்த நாள் காலையில் பொன் மங்கியிருந்தது.

"வரல" என்றாள் கடையக்கா. "கேக்காம கலைச்ச இடத்துக்குத் திரும்ப மாட்டான் போல."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இது ஓணானாக இருந்திருந்தால் உதறிவிட்டிருப்பாள். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் குட்டி ஜன்னலோர இருக்கையில் தனியாக உட்கார்ந்து வந்தது. இவள் மடியில் காலிப் பை இருந்தது. ஆனாலும் இறங்கும்போது இடது கால் நொண்டியது.

வீட்டில் சில நாள் ஒன்றும் இல்லை; குட்டி மட்டும் மடிப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் குட்டி மடியில் ஏறியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அணைத்துக்கொண்ட பிறகுதான் கவனித்தாள், குட்டி நடுவில் உட்காரவில்லை. வலது தொடையில், ஓரமாக, பேருந்தில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவது போல ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் கடையக்காவிடமிருந்து போன் வரும்.

"உக்காந்துட்டானா?"

"உக்காந்துட்டான்க்கா."

"கனமா இருக்கானா?"

"இருக்கான்."

"சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம்." அவ்வளவுதான். வைத்துவிடுவாள். மெழுகுக்காரிக்கு அந்தப் போனை எடுக்காமல் இருக்கத் தைரியம் வரவில்லை. எடுக்காவிட்டால் அந்தத் தாய் இரவெல்லாம் விழித்திருப்பாள் என்று தெரியும். ஒரு பிள்ளையின் பாரம் என்னவென்று அவளுக்கும் தெரியுமே.

ஆனால் அவன் வளர்ந்தான். வாரத்துக்கு வாரம் குட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. தொடையிலிருந்து முழங்காலுக்கு வந்தது. முழங்காலில் உட்கார்ந்து, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாமல், படம் வரைந்தது. "நடுவுல வாடா, அம்மா சொல்றேன்ல" என்று இழுத்துப் பார்த்தாள். குட்டி தலையை ஆட்டியது. "அவன் தள்றான்மா."

நேற்று சாயங்காலம் போன் அடித்து, அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தபோது, பாசியின் வாடை அறை முழுக்க இருந்தது. இடது தொடை நனைந்தது.

வலது தொடையும் நனைந்தது.

"உக்காந்துட்டானா?" என்றது போன்.

குட்டி பென்சிலை மேசையில் வைத்தது. மடியிலிருந்து மெல்ல இறங்கியது.

"எங்கடா போற?"

"அவன்தான் போகச் சொல்றான். கொஞ்ச நேரம் கீழ விளையாடிட்டு வரேம்மா."

"குட்டி, நில்லு! அங்கயே நில்லு!"

இரண்டு கைகளையும் பக்கத்தில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். வெண்கலத்தில் வார்த்தது போல உடம்பு நாற்காலியில் இறுகிக் கிடந்தது. ஊன்றிய கைகளையும் அசைக்க முடியவில்லை.

"கனமா இருக்கானா?" என்றது போன், ஆசை ஆசையாக.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.