மஞ்சள் ஆறும் நேரம்

ஜெர்வின் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். கடுங்காப்பி குடித்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். ராஜபாளையத்திலிருந்து கிளம்பி, ஆறரைக்கு மம்சாபுரம் ரோட்டில் இருக்கும் கிரேயான் கம்பெனியின் பூட்டைத் திறந்தான். எட்டு மணிக்கு மற்றவர்கள் வருவதற்குள் முதல் கொதி மெழுகை அச்சில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். அது அவன் வேலை.

முதல் கொதி எப்போதும் மஞ்சள். மெழுகு உருக்க ஒரே கெட்டில் என்பதால் வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிப்பார்கள். அச்சுக்கு மேலே வழிந்து உறையும் மெழுகு ஏட்டை வழித்து அந்தந்த நிறத்து டின்னில் போட்டுவைத்து, மறுநாள் அதே நிறத்தோடு சேர்த்து உருக்குவார்கள். ஒரு பொட்டும் வீணாகாது.

மஞ்சள் டின்னைத் திறந்தான். மேலே கிடந்த ஏட்டில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

நேற்று அதை அவன்தான் வழித்தான். அப்போது வழவழப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். சின்ன விரல். ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. லேபிள் வெட்டும் கத்தி கிழித்த தழும்பு.

ரெனிட்டாவின் தழும்பு. அவன் மனைவி. இங்கே லேபிள் மேஜையில் வேலை பார்த்தவள். புதைத்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

மெழுகு ஆறிவிட்டதா என்று மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவள் வந்து அச்சின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்துவாள். பக்கத்து மேஜைக் கருத்தம்மாவுக்கு அது தினமும் வேடிக்கை.

"ஏட்டி, மெழுகுக்கு ரேகை பாக்கியா?"

"ஆமாக்கா. இதுக்கு ஆயுசு கெட்டி."

அவள் கடைசியாக விரல் வைத்த ஏடும் இந்த டின்னுக்குத்தான் வந்தது. உருகி, அச்சில் இறங்கி, வழிக்கப்பட்டு, மறுபடி உருகி, தினமும் கொஞ்சம் மிஞ்சி, இன்னும் இதற்குள்தான் இருக்கிறது. அவன் அந்த ஏட்டை நாலாக உடைத்துக் கெட்டிலில் போட்டான். ஆவி வால்வைத் திறந்தான்.

செல்போன் அடித்தது. மாமியார் ஏசம்மாள், மம்சாபுரத்திலிருந்து.

"மாப்பிள்ள, சாப்பிட்டீயளா?"

"ஆச்சு அத்தை."

"கல்லு வெட்டுத ஆவுடையப்பன் இப்ப வாராரு. நாப்பதாம் நாளுக்குள்ள கல்லறையில கல்ல நட்டுரணும்லா. பிள்ள கடைசியாச் சொன்னத அதுல போடணும்னு எனக்கு ஆச. அவ என்ன சொன்னான்னு இன்னொருக்காச் சொல்லுங்க."

"'சமாதானமாப் போறேன்'னு சொன்னா, அத்தை."



"போறேன்னா சொன்னா? தெருமுக்குக் கடைக்குப் போனாக்கூட வாரேன்னுதான சொல்லுவா அவ. நல்லா யோசிங்க மாப்பிள்ள. கல்லுல வெட்டுனா அழிக்க முடியாது. பொறவு கூப்பிடுதேன்."

ரெனிட்டா அப்படி எதுவும் சொல்லவில்லை. குழிமேட்டில் முட்டி போட்டு அழுத அவள் அம்மாவுக்கு எதையாவது கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்தான்.

மெழுகுப் பாளங்கள் ஓரத்தில் கண்ணாடியாகி ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இறங்கின. மஞ்சள் பொடியைத் தூவிக் கலக்கியபோது, ஆராதனை முடிந்து மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்த சர்ச்சில் நிற்கிற அதே வாசனை எழுந்து கொட்டகை முழுக்கப் பரவியது. வெயில் ஏறத் தொடங்கியதும் கூரைத் தகரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கியது. வாளியில் பிடித்து ஆறு அச்சுகளிலும் ஊற்றினான். அச்சுகளின் வயிற்றுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடும் சத்தம், யாரோ அடுத்த அறையில் முகம் கழுவுவதுபோல, விட்டுவிட்டுக் கேட்டது.

ஆறாவது அச்சின் ஓரத்தில் மெழுகு மெல்லக் குழிந்தது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். குழி வட்டமானது. ரேகைகள் வந்தன. குறுக்கே கோடு வந்தது.

காற்றுக் குமிழி உடைந்தால் அப்படித்தான் குழியும் என்று சொல்லிக்கொண்டான். ஐந்தாவது அச்சிலும் குழிந்தது. பிறகு நாலாவது. ஒவ்வொரு அச்சாக, ஆறிவிட்டதா என்று பார்த்தபடி ஒருத்தி நடந்து வருகிற வேகத்தில். மூன்று. இரண்டு. தரையில் காலடி இல்லை. மல்லிகையோ பவுடரோ எந்த வாசனையும் இல்லை. மெழுகு மட்டும்.

அவனுக்கு முன்னால் இருந்த முதல் அச்சு.

குழிந்தது.

அன்றைக்கும் அவள் அந்த இடத்தில்தான் வந்து நின்றாள். மூன்று நாள் காய்ச்சல் அன்று காலைதான் விட்டிருந்தது. விட்டுவிட்டதே என்று அவன்தான் அவளை வண்டியில் ஏற்றிவந்தான். அவன் மஞ்சள் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினால் குச்சிக்குள் பிளவு விழும், அச்சு முழுக்கக் கழிவு. அவள் கையை நீட்டி ஒன்று சொன்னாள். அவன் ஒரு கையால் வாளியைச் சாய்த்தபடி மறு கையால் அவள் கையைப் பிடித்தான். கெட்டிலுக்குப் போடும் தடித்த கையுறை. அதற்குள் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

"ஊத்தி முடிச்சிட்டு வாரேன்" என்றான்.

ஆறு அச்சும் முடித்துவிட்டுத் திரும்பினான். லேபிள் அட்டைப்பெட்டிகள்மேல் சாய்ந்து கிடந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வரைக்கும் ஆட்டோவில் அவள் வாய் திறக்கவில்லை. டெங்கு என்றார் டாக்டர். காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து என்றார். கை தொட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொல்லவா? பார்க்கவில்லை என்று சொல்லவா?

இப்போது கெட்டில் சத்தம் நின்றிருந்தது.

வால்வு திறந்துதான் இருந்தது. குழாயில் ஆவி சீறியது. சூடு காட்டும் முள் தொண்ணூறில் நின்றது. ஆனால் கெட்டிலுக்குள் மிச்சமிருந்த மஞ்சள் ஏடு கட்டிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு. பால் ஆறுவதுபோல.

நடுவில் ஏடு புடைத்தது.

கிழியவில்லை. உள்ளேயிருந்து தள்ளியது. ஒரு விரல். நாலு. மஞ்சள் வழிந்து வழிந்து உறைய, மணிக்கட்டுவரை எழுந்து, உள்ளங்கையை மேலே காட்டி நின்றது. கட்டைவிரலில் கோடு.

அது அசையவில்லை. பிடிக்க வரவில்லை. நீட்டியபடி இருந்தது. அவ்வளவுதான்.

செல்போன் அடித்தது. இடது கையால் எடுத்தான்.

"மாப்பிள்ள, ஆவுடையப்பன் நோட்டோட உக்காந்திருக்காரு. போடச் சொல்லவா?"

"வேண்டாம் அத்தை. அவ அப்படிச் சொல்லல."

"பொறவு?"

போனைத் தோளில் இடுக்கினான். வலது கை உறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினான். அது தரையில் விழுந்தது. வெறும் கையைக் கெட்டிலுக்கு மேலே கொண்டுபோனான். தொண்ணூறு டிகிரியின் அனல் இல்லை. கீழேயிருந்து குளிர் வந்தது. விரல் நுனிகளில். முழங்கை வரை.

"மாப்பிள்ள? பிள்ள என்னதான் சொன்னா?"

அவன் சொன்னான், அவள் சொன்னபடியே:

"என்னங்க, அந்தக் கிளவுஸக் கழட்டிட்டு எங் கையத் தொட்டுப் பாருங்களேன், எம்புட்டுச் சில்லுன்னு இருக்கு."