மூடிக்கு அடியில் ரத்தம்

“என் தம்பியைத் தூக்குல போட்டுருவாங்கய்யா,” என்றாள் வந்தவள்.

தராசு என்று ஊரார் அழைக்கும் துப்பறிபவர் அவளை உட்காரவைத்து விவரம் கேட்டார்.

முந்தின நாள் மாலை, துகள் முடுக்கி ஆய்வகத்தின் தூசியில்லா அறையில் தலைமைப் பொறியாளரை யாரோ ஸ்பேனரால் மண்டை பிளக்க அடித்துக் கொன்றிருந்தார்கள். அந்த அறைக்குள் நுழையக்கூடிய மற்ற இருவர், துகள்களை முடுக்கும் ‘கேவிட்டி’ என்ற குழல்களைப் பொருத்தும் அவள் தம்பியும் துணைப் பொறியாளரும். தம்பி பொருத்திய கேவிட்டி அன்று காலைச் சோதனையில், தாங்கவேண்டிய மின்புலத்தில் பாதியைக்கூட எட்டுமுன் சூடாகி, மின்தடையே இல்லாத மீக்கடத்தும் தன்மையை இழந்துவிட்டது. அதைத் தலைவர் தம்பியிடம் மட்டும் தனியே சொல்லித் திட்டியிருந்தார். துணைப் பொறியாளர் வெளியூரிலிருந்து திரும்பியதே மாலையில்தான்.

“கோவக்காரன்யா. ஆனா கொலகாரன் இல்ல.”

ஆய்வகத்தில் வெள்ளைச் சுவரெங்கும் ரத்தம் தெறித்திருந்தது. நடுவே தாங்கியில் அந்தக் கேவிட்டி, பருத்த வளையங்களைக் கோத்தது போன்ற நியோபிய உலோகக் குழல். திறந்து பார்க்கத்தான் தலைவர் அங்கே வந்திருந்தார். இப்போது அதன் வாய் மூடியிருந்தது.

“உள்ள ஒரு தூசி விழுந்தாலும் போச்சாம் மாமா. அதான் மூடி,” என்றார் தராசுடன் வந்த அவர் மைத்துனர், ஆர்வம் தாங்காமல்.

தராசு மூடியைத் தூக்கினார். மூடியின் மேற்புறத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. அடியில், குழலின் விளிம்பெல்லாம் ரத்தப் புள்ளிகள்.

தம்பியை விலங்கோடு அழைத்துவந்தார்கள். துணைப் பொறியாளரும் வந்து நின்றார்.

“அடிச்சதுக்கு அப்புறம் மூடியிருக்காங்க, மாப்ளே. கொன்னவன் ஓடாம நின்னு இதப் பொத்தி வச்சிருக்கான். அழுகின கத்திரிக்காய யாராவது பஞ்சுல சுத்துவாங்களா? இது தேறலைன்னு தம்பிக்குத் தெரியும். தெரியாதவர் ஒருத்தர்தான்,” என்றார் தராசு.

துணைப் பொறியாளர் முகம் வெளுத்தது. “தேறலையா?”

“நேத்து காலையிலயே.”

“நாலு வருஷம் நான் வரைஞ்சதுய்யா. அந்தாளு தன் பேரப் போட்டுக்கறேன்னான்.” சொல்லிக்கொண்டே இரும்பு முக்காலியை எடுத்து வீசினார். மைத்துனரின் நெற்றி கிழிந்தது. பாய்ந்த காவலர்கள் முறுக்கிய முறுக்கில் துணைப் பொறியாளரின் தோள்மூட்டு மளுக்கென்றது.

தரையில் முகம் அழுந்தக் கிடந்தவர், விலங்கு கழன்று நின்ற தம்பியைப் பார்த்துக் கேட்டார்: “எவ்ளோ தாங்குச்சு?”

“பாதிகூட வரல சார்,” என்றான் தம்பி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.