ரஹ்மத்தும்மாவும் சோற்று வாளிச் சட்டமும்

"டீச்சர், என் கடைய மூடப் போறாங்க!" என்று வாசலிலேயே வெடித்தாள் ரஹ்மத்தும்மா.

குணமணி டீச்சர் பதறவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஸுபைரா நீட்டிய பணியாரத்தை மட்டும் தள்ளி வைத்தார். "வேண்டாம் பிள்ளை. நேற்று இன்ஸ்பெக்டர் வீட்டுத் திவசத்தில சாப்பிட்டது இன்னும் இறங்கேல்லை. நீங்கள் இருந்து சொல்லுங்கோ, ரஹ்மத்தும்மா."

ஸுபைரா காதைத் தீட்டிக்கொண்டாள். வம்பு என்றால் அவளுக்குப் பணியாரமே வேண்டாம்.

வெலிமடைப் பாதையோரத்து அந்தச் சிறு பட்டணத்துக்குப் பஞ்ச காலத்தில் வந்த சட்டம் அது. ஒவ்வொரு வீடும் சோற்றுக் கழிவைத் தனி வாளியில் சேர்த்து உரக்கிடங்குக்குக் கொடுக்க வேண்டும். சாக்கடையில் கொட்டினால் தண்டம்; கடைக்காரர் என்றால் லைசென்ஸும் போய்விடும். ரஹ்மத்தும்மாவின் குடும்பமே அவளுடைய இடியப்பக் கடையை நம்பித்தான் இருந்தது.

"ஊட்டுக்குப் பின்னால சாக்கடை அடைச்சிருந்திச்சாம். நேத்து எங்கட மகள்ட கலியாணம், அதனால நாங்கதான் கொட்டினமாம். சுகாதார இன்ஸ்பெக்டர் சிற்றம்பலம் குற்றப் பத்திரத்துல ஒப்பம் வைக்கச் சொல்றார். செய்யாத குத்தத்துக்குத் தலை போனாலும் வைக்க மாட்டேன்!"

"குப்பையைப் பார்த்தனீங்களோ?"

"சாட்சின்னு அள்ளிட்டுப்போய் உரக்கிடங்குல பூட்டி வெச்சிருக்கார்."

"அப்ப வாங்கோ, பார்ப்பம்."

சிற்றம்பலம் முகத்தைச் சுளித்தபடி கிடங்கைத் திறந்தார். டீச்சர் குடை நுனியால் கிளறினார். வாழையிலைகள், சப்பிய முருங்கைக்காய், பருப்புச் சோறு. தேடியும் ஓர் எலும்பில்லை.

ஸுபைரா துள்ளினாள். "டீச்சர்! நேத்து நானும் அங்கதானே சாப்பிட்டேன். புரியாணி! ஆறு பேருக்கு ஒரு சஹன்னு பெரிய தட்டுல வெச்சாங்க. இலையே போடல்ல!"

"கலியாணமெண்டால் வாழையிலைதான் எண்டு நினைச்சிட்டியள், சிற்றம்பலம்," என்றார் டீச்சர். குடை நுனியில் ஒரு புல் மோதிரம் தொங்கியது. "இது தர்ப்பை. நேற்றுத் திவசத்தில உங்கட விரலில இருந்தது. இந்த முருங்கைக்காய்க் கறியை நானும்தானே சாப்பிட்டனான்? மேட்டில இருக்கிற உங்கட வீட்டில கொட்டினால் அவவின்ர வீட்டுக்குப் பின்னாலதான் வந்து அடைக்கும்."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "சமையல்காரன் கொட்டிப்போட்டான், டீச்சர். காலையிலதான் தெரியும். வெளியில தெரிஞ்சால் என்ர வேலை..."

"அதுக்கு அவவின்ர வயிற்றில அடிப்பியளோ?"

அவர் குற்றப் பத்திரத்தைக் கிழிக்கப் போனார். ரஹ்மத்தும்மா பாய்ந்து பிடுங்கினாள்.

"கிழிக்காதீங்க சேர். சட்டம் நல்ல சட்டம்தான். என் பேர வெட்டிட்டு உங்கட பேர எழுதுங்க. நீங்க ஒப்பம் வைக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். சிற்றம்பலம் பேனாவைத் திறந்தார்.