மண்ணாய்ப் போன சர்க்கரை

தடால்!

வடக்குத்து சாலை வளைவில், தூறலில் வந்த பைக் ஒன்று இளவேனிலின் ஸ்கூட்டிக்கு முன்னால் சரிந்து விழுந்தது.

"கண்ணை மூடிகினா ஓட்டுறீங்க?" என்று சீறியபடி இறங்கியவள், அவனைப் பார்த்ததும் அடங்கிப் போனாள்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை... விரல்களில் நடுக்கம். மை தீட்டியது போன்ற கண்கள், எதையோ தேடி அலைந்தன.

மந்தாரக்குப்பம் சித்த மருத்துவமனையில் மருந்து கொடுப்பவள் அவள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. எதிர் டீக்கடையில் ஒரு கை சர்க்கரை வாங்கி வந்து அவன் வாயில் போட்டாள்.

"மண்ணையா போடுறீங்க?" முகம் சுளித்தான்.

"மண்ணா?" அவள் புருவம் உயர்ந்தது. "சிறுகுறிஞ்சான் இலை மென்னீங்களா?"

அந்த இலையை மென்ற நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது. அவன் தலைகுனிந்தான்.

"மண்ணோ கல்லோ, முழுங்குங்க."

முழுங்கினான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தெளிவு வந்தது. பெயர் அன்புச்செல்வன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவளும் தான் வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னாள்.

"சுகர் மாத்திரையும் போட்டு, இலையும் மென்னு, சாப்பிடாம கிளம்பிட்டீங்களா?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுங்க. இலைதானே, என்ன பண்ணிடப்போவுதுன்னு..."

"ரெண்டும் சுகரைக் குறைக்கும். சேந்தா ஆளையே குறைச்சிடும். டாக்டருக்குத் தெரியுமா?"

"எங்க அக்காவுக்கே தெரியாதுங்க. எனக்குப் பொண்ணு பாத்துகினு இருக்குது. இந்த வயசுல சுகர்னா யாரு குடுப்பாங்க? சீக்கிரம் எறக்கிட்டா யாருக்கும் தெரியாம..."

"மறைச்சுக் கட்டிக்கிட்டா, வர்றவ என்ன பாவம் பண்ணா?"

சுருக்கென்றது அவனுக்கு. "உதவி பண்ணீங்க, சரி. உபதேசம் வேணாங்க." வண்டியை எடுத்துக்கொண்டு போயேவிட்டான்.

அதிகம் பேசிவிட்டேனோ... அன்று முழுக்க அந்தக் கண்கள் அவளை விடவில்லை.

அடுத்த வாரம் நல்ல மழை. மருந்து வாங்கும் ஜன்னலில் அதே கண்கள்... இப்போது நேராக அவளைப் பார்த்தன.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. மாத்திரைதான் முக்கியம், குறிஞ்சான் பொடி சும்மா துணைக்குன்னு அளவு எழுதிக் குடுத்திருக்காரு. சாப்பிட்டுட்டுதான் ஷிப்ட்டுக்குப் போறேன்." சற்று நிறுத்தினான். "அக்காகிட்டயும் சொன்னேன். பேசி வச்சிருந்த எடம் தட்டிப்போச்சு."

"ஐயோ... என்னாலதான்."

"உங்களாலதான் நான் உயிரோட இருக்கேங்க. லாரி போற ரோடு அது. நீங்க நிக்காம போயிருந்தா..." முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்தான். "நீங்க திட்டுனதுக்கும் சேத்து நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அவள் பொட்டலத்தைக் கட்டியபடியே கேட்டாள். "நன்றி மட்டும்தானா?"

வெளியே மழையைப் பார்த்தான். பிறகு அவளை.

"இன்னொண்ணு இருக்குதுங்க... சிரிக்கக் கூடாது. உங்க வூட்டுல வந்து பொண்ணு கேட்டா... சுகர்காரனுக்குக் குடுப்பாங்களா?"

இளவேனில் நிமிரவே இல்லை.

"நீங்க விழுந்த அன்னிக்குச் சாயங்காலமே எங்கப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டேங்க... சுகரையும் சேத்துதான்."