மச்சினன் ஓட்டினால் நிற்கும் ஜீப்

பால்காரர் ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே தீர்ப்போடுதான் இறங்கினார்.

"வண்டியை யார் கெடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும், ஃபோர்மேனம்மா. அதை நீங்க உங்க வாயால சொன்னாப் போதும். என் பொண்டாட்டி நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

பட்டறைக்காரி பேருந்துப் பணிமனையில் பல வருடம் ஃபோர்மேனாக இருந்தவள். வேலையை விட்டும் பெயர் அவளை விடவில்லை. பக்கத்துக் கடையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கணவன், 'கெடுக்கிறாங்க' என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதி தைத்த அரைக்கால் சட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான். பட்டறைக்கு வரும் வழக்குகளில் அவன் இதுவரை சரியான குற்றவாளியைக் காட்டியதே கிடையாது. அதற்காக அவன் ஒருநாளும் வருந்தியதும் கிடையாது.

ஜீப்பின் பின்னால் தோளில் பையோடு ஓர் இளைஞன் நின்றான். பால்காரரின் மச்சினன்.

"முதல்ல பெட்ரோல் காணாமப் போச்சு," என்றார் பால்காரர். "எவ்வளவு ஊத்தினாலும் பத்தலை. இவன் வேலைதான்னு பூட்டு வச்ச மூடி வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்புல. திருட வழியில்லைன்னதும் பழி வாங்க ஆரம்பிச்சுட்டான். காலையில பண்ணை பண்ணையா நான் ஓட்டுறேன், ஒரு நாள் நின்னதில்லை. பாலை ஏத்திக்கிட்டு இவன் டிப்போவுக்குப் போனா மட்டும் மேட்டுல நிக்குது. மூணு தடவை மொத்தப் பாலும் திரிஞ்சு போச்சு. இன்னிக்கே ஊருக்குப் போடான்னுட்டேன். தம்பி போனா நானும் போறேன்னு இவன் அக்கா பெட்டியைக் கட்டிட்டு உக்காந்திருக்கா."

தையல்காரன் மனைவியின் காதருகே குனிந்தான். "தண்ணி கலந்திருக்கான். சந்தேகமே இல்லை."

அவள் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தாள். "தண்ணியா இருந்தா அடியில தனியா நிக்கும். பாருங்க, ஒரே நிறம்."

"அப்ப சர்க்கரை."

"அது ஃபில்டர்ல மாட்டியிருக்கும். ஃபில்டர் சுத்தமா இருக்கு."

தையல்காரன் கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த யோசனைக்குப் போனான்.

அவள் மச்சினனிடம் திரும்பினாள். "நிக்கும்போது பட்டுன்னு நிக்குதா, விக்கி விக்கி நிக்குதா?"

"விக்கி விக்கித்தான்க்கா. கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானாக் கிளம்புது, மறுபடி மேட்டுல நின்னுடுது. நான் எதையும் தொடுறதில்லை."

"நடிப்பைப் பாத்தீங்களா," என்றார் பால்காரர்.

அவள் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் முழுக்கக் கரி. கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஈரம் வழிந்த கறை இருந்தது. இரண்டையும் தையல்காரனும் பார்த்தான். பார்த்ததோடு சரி. பிறகு அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்து கோடு போட்ட ஒரு குச்சியை எடுத்தாள். அதில் பெட்ரோல் வாடை அடித்தது.

"இது யாருது?"

"என்னுது," என்றார் பால்காரர் பெருமையாக. "ஒவ்வொரு பண்ணையிலயும் மூடியைத் திறந்து அளந்து பாத்துடுவேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தானே இருக்க வேண்டியிருக்கு."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "எல்லாரும் ஏறுங்க. டிப்போ மேட்டுக்குப் போவோம். ஓட்டப்போறது நீங்கதான். வழியில எங்கயும் நிறுத்தக் கூடாது. குச்சி என்கிட்ட இருக்கட்டும்."

மச்சினன் பின்னால் காலி கேன்களுக்கு நடுவே, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜீப் ஜோராகத்தான் கிளம்பியது. சாலை செங்குத்தாக ஏறத் தொடங்கிய இடத்தில் ஒருமுறை விக்கியது. பால்காரர் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினார். மறுபடி விக்கியது, குலுங்கியது, நின்றது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளையே பால்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கெடுத்தது யாரு?" என்று அவள் அமைதியாகக் கேட்டாள். "இறங்கி மூடியைத் திறங்க."

சாவியைத் திருப்பி மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே பாய்ந்தது. நின்றிருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. "இப்ப கிளப்புங்க," என்றாள். கொஞ்சம் சுற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காத்து வரணும். பழைய மூடியில அதுக்குன்னு சின்ன ஓட்டை இருந்திருக்கும். நீங்க வாங்கினது வேற வண்டி மூடி, அதுல காத்துக்கு வழி கிடையாது. பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. சும்மா விட்டா இண்டு இடுக்குல காத்து மெல்ல ஏறும், வண்டி கிளம்பும். நீங்க இவரைச் சந்தேகப்பட்டுப் பண்ணைக்குப் பண்ணை திறந்தீங்க, அதனால உங்களுக்கு ஓடுச்சு. இவர் கையில சாவி இல்லை."

"அப்ப முதல்ல காணாமப் போன பெட்ரோல்?" என்றான் தையல்காரன். அன்று அவன் பேசியதில் உருப்படியானது அதுதான்.

"குடிச்சது கார்புரேட்டர். உள்ளே இருக்கிற மிதவை மேல வந்ததும் ஒரு ஊசி பெட்ரோல் வர்ற வழியை அடைக்கணும். ஊசி தேஞ்சு போச்சு. மிச்சமெல்லாம் வழிஞ்சும் புகைஞ்சும் போச்சு. சைலன்சர் கரியே சாட்சி. ஊசியை மாத்திடலாம். திருட்டே நடக்கலை."

பால்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இடுப்பிலிருந்து சாவிக் கயிற்றை அவிழ்த்து மச்சினனிடம் நீட்டினார்.

மச்சினன் அதை வாங்கவில்லை. "சாவி வேணாம் அத்தான். பூட்டு இல்லாத மூடி ஒண்ணு வாங்கிப் போடுங்க."

பால்காரர் தலையாட்டினார். சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டார். "வீட்டுக்குப் போனதும் அக்காகிட்ட நீயே விஷயத்தைச் சொல்லிடுறியா?"

"அதை நீங்கதான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு மச்சினன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டே ஜீப் திரும்பியது. பால்காரர் பின்னால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, வீடு வரும்வரை மச்சினனின் பையைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.